கருடனும் பருந்தும்: கோபுரத்தின் மேல் வட்டமிடுவது எது?

கும்பாபிஷேகத்தன்று யாகசாலையிலிருந்து கும்பங்கள் புறப்பட்டு ஸ்தூபியை அடையும் வேளையில் அடியார்களின் கண்கள் இரண்டு இடங்களை நோக்கியிருக்கும். ஒன்று சிவாச்சாரியாரின் கரத்திலுள்ள கும்பம். மற்றையது அதற்கு மேலேயுள்ள வானம். அவ்வானத்தில் ஒரு பறவை வட்டமிடக் கண்டால் “கருடன் வந்திட்டுது” என்று ஒரு குரல் எழும். அதனைத் தொடர்ந்து அரோகரா ஒலி வீதியெங்கும் பரவும். கருடன் வரும்வரை கும்பநீரைச் சொரியாது காத்திருக்கும் வழக்கமும் சில ஆலயங்களில் உண்டு. திருமாலின் வாகனம் சிவாலயத்துக்கும் அம்பாள் ஆலயத்துக்கும் பிள்ளையார் கோயிலுக்கும் சாட்சியாக வருவதில் எமது மக்கள் எந்த முரணையும் கண்டதில்லை.

ஆயினும் கோபுரத்தின் மேல் வட்டமிடுகின்ற பறவை எல்லாம் கருடன் அன்று. யாழ்ப்பாணம், மன்னார் போன்ற வடபுலத்து வானில் இரண்டு பறவைகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஒரே விதமாகச் சிறகை விரித்து மிதந்து திரிகின்றன. ஒன்று கருடன், செம்பருந்து என்றும் அழைக்கப்படுவது. மற்றையது பருந்து, கரும்பருந்து, ஊர்ப்பருந்து என நூல்களிலும், பிராந்து எனப் பேச்சு வழக்கிலும் வழங்குவது. வெயிலுக்கு எதிராக அண்ணாந்து பார்ப்பவருக்கு இரண்டுமே கரிய நிழலாகத்தான் தெரியும்.

பருந்தைக் கருடன் என்று கும்பிடுவதால் எவருக்கும் எந்தத் தீங்கும் நேர்ந்துவிடாது. கும்பிட்டவரின் பக்தியும் குறைந்துவிடாது. கருடனைப் பருந்து என்று எண்ணிக் கல்லெறிவதுதான் கவலைக்குரியது. அது எவ்வாறு நேர்கிறது என்பதை அறிவதற்கு முதலில் இவ்விரு பறவைகளையும் வேறுபடுத்தி அறிய வேண்டும்.

புராணக் கருடனும் வானத்துக் கருடனும்

மகாபாரதத்தின் ஆதிபருவம் கருடனின் வரலாற்றை விரித்துக் கூறுகிறது. காசிப முனிவரின் மனைவியர் கத்துரு, வினதை என இருவர். கத்துருவின் மக்கள் நாகங்கள். வினதையின் மக்கள் அருணனும் கருடனும். பொறுமையிழந்த தாய் முட்டையை உரிய காலத்துக்கு முன் உடைத்ததால் அருணன் உடல் முற்றுப்பெறாதவனாகப் பிறந்து சூரியனின் தேர்ப்பாகன் ஆனான். பந்தயத்தில் தோற்றுக் கத்துருவுக்கு அடிமையாகிய தாயை மீட்பதற்காகக் கருடன் தேவலோகம் சென்று அமுத கலசத்தைக் கொண்டுவந்தான். அந்தப் பயணத்தில் திருமாலின் அருளைப் பெற்று அவருக்கு வாகனமாகவும் கொடியாகவும் ஆனான். இராமாயணத்தில் சீதைக்காக உயிர்விட்ட சடாயுவும் அவன் தமையன் சம்பாதியும் அருணனின் புதல்வர்கள். எனவே அவர்கள் கருடனுக்குப் பெறாமக்கள். சடாயுவைக் கழுகு என்றும் கருடனை வேறாகவும் கூறும் தமிழ் மரபு, பறவைகளின் வேறுபாட்டை அக்காலத்திலேயே உணர்ந்திருந்தது எனலாம்.

புராணத்துக் கருடனுக்கு மண்ணுலகில் எந்தப் பறவையை மக்கள் அடையாளம் கண்டனர் என்பதில் பாரதத்தின் பல பகுதிகளும் ஒத்துப்போகின்றன. வெண்ணிறத் தலையும் கழுத்தும், செங்காவி நிற உடலும் கொண்ட பறவையே அது. வங்காள மக்கள் இதனைச் ‘சங்கசில்’ என்பர். சங்குப் பருந்து என்பது அதன் பொருள். தலையின் வெண்மை சங்கை நினைவூட்டியிருக்கிறது. மலையாளத்தில் இது கிருஷ்ணப்பருந்து. எமது நாட்டிலிருந்து சபரிமலைக்கு யாத்திரை செல்லும் ஐயப்ப அடியார்கள் பலர் அறிந்த செய்தி ஒன்றுண்டு. பந்தளத்திலிருந்து திருவாபரணப் பேழை புறப்படும் நாளில் வானில் கிருஷ்ணப்பருந்து வட்டமிடும் காட்சிக்காக அங்கு பெருங்கூட்டம் காத்திருக்கும்.

ஈழத்தில் கருடனோடு மிக நெருங்கிய தலம் நயினாதீவு. நாகபூஷணி அம்பாளை வழிபடுவதற்காக நாகம் ஒன்று புளியந்தீவிலிருந்து வாயில் பூவைக் கவ்விக்கொண்டு கடலில் நீந்தி வந்தது. அதனைக் கண்ட கருடன் இரையாக்க விரைந்தது. நாகம் கடலிலிருந்த ஒரு கல்லைச் சுற்றிக்கொள்ள, கருடன் சற்றுத் தள்ளியிருந்த இன்னொரு கல்லின்மேல் அமர்ந்து காத்திருந்தது. கப்பலில் அவ்வழியே வந்த வணிகன் ஒருவன் நாகத்துக்காகக் கருடனிடம் இரந்து வேண்டினான். அம்பாளுக்கு ஆலயம் எடுப்பதாக அவன் வாக்களிக்கவே கருடன் இணங்கியது என்பது கர்ணபரம்பரைக் கதை. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் எனக் குறிக்கப்படும் பாறைகளை நயினாதீவுக் கடலில் இன்றும் காட்டுவர்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடலாம். பாம்பைப் பிடிப்பதில் வல்ல பறவை உண்மையில் வானத்துக் கருடன் அன்று. எமது காடுகளில் வாழும் குடுமியுள்ள பாம்புக்கழுகே அத்தொழிலில் தேர்ந்தது. வானத்துக் கருடன் எப்போதாவது சிறு பாம்பைத் தூக்கும். மற்றும்படி அதன் நாட்டம் மீனிலும் நண்டிலும்தான். நயினாதீவுக் கதையில் அது கடல்நடுவே ஒரு கல்லில் அமர்ந்திருக்கிறது. பரவைக்கடலில் நட்டிருக்கும் களங்கண்ணித் தடிகளின்மேல் கருடன் அமர்ந்திருப்பதைத் தினமும் காணும் மக்களிடத்தில் பிறந்த கதை அல்லவா?

ஒரே நூலில் பெயர் பெற்ற இரண்டு பறவைகள்

விஞ்ஞான உலகில் இவ்விரு பறவைகளுக்கும் பெயர் சூட்டப்பட்ட வரலாறு சுவையானது. பிரான்ஸ் தேசத்து இயற்கையியலாளர் புபோன் பிரபு பறவைகளைப் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அதற்கான வண்ணப்படங்களில் இவ்விரண்டும் இடம்பெற்றிருந்தன. அப்படங்களிலுள்ள பறவைகளுக்கு முறைப்படி இலத்தீன் பெயர்களைச் சூட்டி 1783ஆம் ஆண்டில் ஓர் அட்டவணையை வெளியிட்டவர் ஒல்லாந்து தேசத்து வைத்தியரான பீற்றர் பொடார்ட் என்பவர். கருடனும் பருந்தும் விஞ்ஞானப் பெயரைப் பெற்றது அந்த ஒரே நூலில், அந்த ஒரே ஆண்டில்.

கருடன் பிரெஞ்சுக்காரருக்கு அறிமுகமானது ‘புதுச்சேரிக் கழுகு’ என்ற பெயரில். தமிழ்க் கரையிலிருந்து சென்ற பறவையைக் கண்டே ஐரோப்பா அதனை அறிந்தது. இன்று அதன் பெயர் ஹலியாஸ்ரர் இன்டஸ். கடற்பருந்து, இந்தியாவுக்குரியது என்பது பொருள். பருந்தின் பெயர் மில்வஸ் மைக்ரன்ஸ். இடம்பெயரும் பருந்து என்பது பொருள். ஐரோப்பாவில் அது குளிர்காலத்துக்கு முன் ஆபிரிக்காவுக்குப் பறந்து சென்றுவிடும் பறவை ஆதலால் அப்பெயர் பொருந்தியது. எமது பகுதியில் ஆண்டு முழுவதும் ஊரைவிட்டு நீங்காத பருந்துக்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டது.

இன்னும் ஒரு விந்தை உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பருந்து உள்ளினத்துக்கு 1832ஆம் ஆண்டில் பெயர் வைத்தவர் சைக்ஸ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி. அவர் தெரிவுசெய்த பெயர் ‘கோவிந்தா’. திருமாலின் வாகனமெனப் போற்றப்படும் பறவைக்கு நாட்டின் பெயரும், கோழிக்குஞ்சு தூக்கும் பறவைக்குத் திருமாலின் திருநாமமும் அமைந்துவிட்டன. பெயர் சூட்டுவோர் எல்லா நேரமும் உள்ளூர் மக்களைக் கேட்டுப் பெயர் சூட்டுவதில்லை.

இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்துக்குள்ளும் இவை நெருங்கிய உறவினர் என்பதை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே தோற்றத்தில் மயக்கம் ஏற்படுவது பார்ப்பவரின் குறை அன்று.

வாலைப் பார்க்க வேண்டும்

வளர்ந்த கருடனை அருகில் கண்டால் எவருக்கும் ஐயம் ஏற்படாது. தலை, கழுத்து, மார்பு ஆகியன வெள்ளை. உற்று நோக்கினால் அவ்வெண்மையில் மெல்லிய கரிய கீற்றுகள் தெரியும். ஏனைய உடலும் சிறகும் செங்காவி. சிறகின் நுனிகள் மட்டும் கறுப்பு. உடலின் நீளம் 45 முதல் 50 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். பருந்து அதனிலும் சற்றுப் பெரியது. 60 சென்ரிமீற்றர் வரை நீளமுடையது. விரித்த சிறகு ஒன்றரை மீற்றரை எட்டும். அதன் உடல் முழுவதும் மங்கிய கபில நிறம். வெள்ளை என்று சொல்லத்தக்க இடம் மேற்புறத்தில் எங்கும் இல்லை.

ஆனால் கோபுரத்துக்கு மேலே நூறு மீற்றர் உயரத்தில் நிற்கும் பறவையின் நிறத்தை நம்ப முடியாது. முற்பகல் வெயிலில் வெள்ளைத் தலையும் கறுப்பாகவே தெரியும். அப்போது பார்க்க வேண்டியது வாலின் நுனியை. கருடனின் வால் விசிறிபோல வட்டமாக முடியும். பருந்தின் வால் நடுவில் உள்வாங்கி, மீனின் வாலைப்போல இரண்டாகப் பிரிந்து நிற்கும். பருந்து பறக்கும்போது அந்த வாலை வள்ளத்தின் சுக்கானைப்போல இடமும் வலமும் ஓயாது திருப்பிக்கொண்டே இருக்கும். இந்தத் திருப்பலை ஒருமுறை கவனித்தவர் பின்னர் மறக்கமாட்டார்.

இதிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. பருந்து வளையத் திரும்புகையில் வாலை முற்றாக விரித்துவிட்டால் அதன் பிளவு மறைந்து, நுனி ஏறக்குறைய நேர்கோடாகத் தோன்றும். அவசரப்பட்டுக் கருடன் என்று கூறுவோர் இந்தக் கணத்தில்தான் தவறுகின்றனர். சற்றுப் பொறுத்தால் அது வாலைக் குவிக்கும். பிளவு மீண்டும் தெரியும்.

குரலும் உதவும். கருடனின் குரல் மூக்கால் இழுத்து அழுவது போன்றது; பூனைக்குட்டியின் கத்தலை ஒத்தது. பருந்தின் குரல் கூர்மையாகத் தொடங்கி நடுநடுங்கி நீளும். குதிரைக்குட்டியின் கனைப்பு என்று சிலர் ஒப்பிடுவர். ஆனால் மேளமும் நாதஸ்வரமும் மணியும் ஒலிக்கும் வேளையில் குரலைக் கேட்க வாய்ப்பில்லை.

கடற்கரைக் கிராமங்களில் மூன்றாவது பறவை ஒன்றும் இந்த மயக்கத்தில் சேர்ந்துகொள்வதுண்டு. வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு இவ்விரண்டிலும் மிகப் பெரியது. தலையும் வயிறும் தூய வெள்ளை, முதுகு சாம்பல். செங்காவி நிறம் அதனிடம் சிறிதும் இல்லாததால் ஒருமுறை அறிந்துகொண்டால் போதும்.

நீரை நாடுவதும் ஊரை நாடுவதும்

தோற்றத்தைக் காட்டிலும் வாழ்க்கை முறையில்தான் இவற்றின் வேறுபாடு ஆழமானது. கருடன் நீர்நிலையின் பறவை. கடற்கரை, பரவைக்கடல், கண்டல் காடு, குளம், நெல்வயல் ஆகியன அதன் இடங்கள். இந்தியா, இலங்கை தொடக்கம் தென்கிழக்காசியா ஊடாக அவுஸ்திரேலியாவின் வடகரை வரை அது வாழ்கிறது. எமது நாட்டின் தாழ்நிலம் எங்கும் காணலாம். இறந்து மிதக்கும் மீன், நண்டு, தவளை, வெட்டுக்கிளி, வயலெலி ஆகியன அதன் உணவு. நீரின் மேற்பரப்பில் தெரியும் மீனைத் தன் உடல் நனையாமல் காலால் மட்டும் கோதி எடுத்துச் செல்லும் லாவகம் அதற்கே உரியது. கரைவலை இழுக்கும் இடத்திலும் மீன் இறங்குதுறையிலும் சிதறும் சிறுமீனுக்காக அது சுற்றித் திரியும். பிற பறவை பிடித்ததைப் பறித்து உண்பதும் உண்டு. வாகனமாயினும் வயிறு வயிறுதான்.

பருந்து உலகின் மிகப் பரந்த இடங்களில் வாழும் வேட்டைப் பறவைகளுள் ஒன்று. ஐரோப்பா, ஆபிரிக்கா, ஆசியா, அவுஸ்திரேலியா ஆகிய நான்கு கண்டங்களிலும் உண்டு. அதற்கு நீர்நிலை கட்டாயமன்று. மனிதர் இருந்தால் போதும். சந்தை, இறைச்சிக்கடை, குப்பைமேடு எங்கும் அது உணவைக் கண்டுகொள்ளும். டில்லி மாநகரில் பருந்துகள் நெருக்கமாகக் கூடுகட்டி வாழ்கின்றன. பழைய டில்லியில் இறைச்சித் துண்டுகளை வானில் எறிந்து பருந்துக்கு ஊட்டுவதைப் புண்ணியமாகக் கருதும் இஸ்லாமிய மக்கள் உள்ளனர். ஸ்பெயின் நாட்டில் பருந்துகள் வெண்ணிறப் பிளாஸ்திக்குத் துண்டுகளைக் கூட்டில் பரப்பி வைப்பதை ஆராய்ந்த விஞ்ஞானிகள், வலிமையுள்ள பறவைகளே அதனை அதிகம் செய்கின்றன என 2011இல் எழுதினர். ‘இந்த இடம் எனக்குரியது’ என்ற அறிவித்தலாம் அது. அவுஸ்திரேலியாவின் வட பகுதியில் எரியும் சுள்ளியைக் காலால் தூக்கிச் சென்று வேறிடத்தில் போட்டு, தீக்குத் தப்பி ஓடும் சிற்றுயிர்களைப் பிடிக்கும் பருந்துகளைப் பற்றி அந்நாட்டுப் பழங்குடி மக்கள் நெடுங்காலமாகக் கூறிவந்தனர். அச்சாட்சியங்களைத் தொகுத்த ஆய்வுக்கட்டுரை 2017இல் வெளிவந்தது.

இத்தனை கெட்டிக்காரப் பறவை இலங்கையின் எல்லா இடங்களிலும் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். எமது நாட்டில் அது பெரும்பாலும் வடக்கு, வடமேற்குக் கரையோரங்களிலேயே காணப்படுகிறது. தென்னிலங்கையில் அது அரிது. ஆகவே கருடனா பருந்தா என்ற கேள்வி காலியில் உள்ளவருக்கு எழுவது குறைவு. யாழ்ப்பாணத்தவருக்கும் மன்னாரவருக்கும் அது அன்றாடக் கேள்வி.

கோழிக்குஞ்சைப் பொறுத்தவரை குற்றவாளி பெரும்பாலும் பருந்தே. தாழப் பறந்து வேலிக்கு மேலாக வந்து ஒரே வீச்சில் தூக்கிவிடும். கருடனும் அருமையாகக் குஞ்சைத் தூக்கியதுண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வயலும் குளமும் அருகில் இருக்கும்வரை அது வளவுக்குள் இறங்குவது குறைவு.

முற்பகலில் வட்டமிடுவதேன்?

கும்பாபிஷேகத்தின் சுபமுகூர்த்தம் அநேகமாக முற்பகலில் அமைகிறது. பெரிய சிறகுள்ள பறவைகள் வானில் ஏறும் நேரமும் அதுவே. சூரியன் ஏறி நிலம் சூடாகும்போது அதனையொட்டிய காற்றும் சூடாகி மேலெழுகிறது. மணல் வீதியும் சீமெந்துத் தரையும் ஓட்டுக் கூரையும் வயலையும் குளத்தையும் விட விரைவில் சூடாகின்றன. அவ்விடங்களிலிருந்து வெப்பக்காற்று தூண்போல மேலே செல்கிறது. பருந்தும் கருடனும் அந்தத் தூணுக்குள் புகுந்து, வெளியேறிவிடாமல் வட்டமிட்டபடி சிறகடிக்காமலே உயர்கின்றன. வட்டமிடுதல் என்பது அவற்றுக்கு ஏணி. அதிகாலையிலும் மழைமூட்டமான நாளிலும் அவை அவ்வாறு உயர்வதைக் காண முடியாதது இதனாலேயே.

ஆலயத்துக்கு மேல் குறிப்பாக வருவதற்கு வேறு காரணங்களும் சேர்கின்றன. பரந்த வெளிவீதி, பக்கத்தில் திருக்குளம், உயர்ந்த பழைய மரங்கள் ஆகியன பெரும்பாலான கிராமக் கோயில்களுக்கு உண்டு. குளமும் மரமும் கருடனுக்கு வேண்டியவை. யாகசாலைப் புகைக்கு முதலில் வரக்கூடியது பருந்து எனலாம். புகையைக் கண்டால் பூச்சிகளும் சிற்றுயிர்களும் வெளிப்படும் என்று நாடி வரும் இயல்பு அதற்குண்டு. எனவே யாகம் நடக்கும் கோயிலின் மேல் பிளந்த வால் தெரிந்தால் வியப்படைய வேண்டியதில்லை.

காற்றின் இயல்பைக் கூறுவது கருட தரிசனத்தைக் குறைப்பதாகாது. மழை பெய்வதன் காரணத்தைப் படித்த பிள்ளையும் வரட்சியில் மழை வந்தால் கைகூப்பத்தான் செய்கிறது.

கூடும் குஞ்சும்

கருடன் எமது பகுதியில் கூடுகட்டும் காலம் பெரும்பாலும் மார்கழி தொடக்கம் சித்திரை வரை. நீர்நிலைக்கு அண்மையிலுள்ள தென்னை, ஆல், அரசு, மருது போன்ற உயர்ந்த மரங்களில் சுள்ளிகளால் கூடு கட்டி, உள்ளே இலை முதலியவற்றைப் பரப்பும். ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும் பழக்கமுடையது. வழக்கமாக இரண்டு முட்டைகள். ஏறக்குறைய 26, 27 நாட்களில் குஞ்சு வெளிவரும். பருந்து இரண்டு அல்லது மூன்று முட்டையிடும். அதற்கு ஒரு மாதத்துக்குச் சற்று அதிகம் செல்லும். பருந்தின் கூட்டில் கந்தல் துணி, கம்பி, பொலித்தீன் எல்லாம் கிடக்கும்.

கருடக் குஞ்சு கூட்டைவிட்டுப் பறக்கும்போது அதன் தலை வெள்ளை அன்று. உடல் செங்காவியும் அன்று. முழுவதும் கபில நிறம்; ஆங்காங்கே வெளிறிய கோடுகள்; சிறகின் அடியில் வெளிர்நிறத் திட்டு. நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது அசல் பருந்துதான். ஓராண்டின் பின் படிப்படியாகத் தலை வெளுத்து, மேனி சிவந்து, முழுக் கருடனின் தோற்றத்தை எய்துவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும்.

தாய்க் கருடனைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே வளவில், அதன் பிள்ளையை “கோழிக்குஞ்சு தூக்க வந்த பிராந்து” என்று கல்லாலும் கெற்றப்போலாலும் விரட்டுவது இந்த இடைக்காலத்தில்தான் நிகழ்கிறது. இளம் பறவைக்கு வேட்டைத் திறமை குறைவு. பயமும் குறைவு. தாழ்ந்த கொப்பிலும் மதிலிலும் வந்து அமரும். எறியும் கல் தவறாமல் படுவது அதன்மேல்தான். சிறகெலும்பு முறிந்த வேட்டைப் பறவை பட்டினியால் இறப்பதே வழக்கம். நிறம் ஏமாற்றினாலும் வால் ஏமாற்றுவதில்லை. இளங்கருடனின் வாலும் வட்டமாகவே முடியும். கல்லெடுக்கும் முன் வாலைப் பார்க்கும் பழக்கத்தைச் சிறுவருக்கு ஊட்டிவிட்டால் பாதிப் பாதுகாப்பு அதிலேயே கிடைத்துவிடும். பிளந்த வாலாயினும் கல் வேண்டாம். குஞ்சுகளைக் கூட்டில் அடைப்பதும், மேலே பழைய மீன்வலையைக் கட்டிவிடுவதும் கல்லைவிடப் பலன் தருவன. வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 தொடக்கம் இந்நாட்டில் நடைமுறையில் உள்ளது. வேட்டைப் பறவைகளைக் கொல்வதும் பிடிப்பதும் அதன்படி குற்றமாகும்.

கல்லை விட மறைவான ஆபத்து எலிப்பாசாணம். பாசாணம் தின்ற எலி உடனே இறப்பதில்லை. இரண்டு மூன்று நாட்கள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலி இலகுவில் அகப்படும். அதனைத் தூக்கும் பறவைக்கும் குஞ்சுகளுக்கும் அந்த நஞ்சு செல்கிறது. நெல்வயலை அண்டி வாழும் கருடனுக்கு இது சிறு ஆபத்தன்று. நஞ்சுண்டு இறந்த எலியை வெளியில் வீசாது புதைத்துவிடுவது வீட்டுக்காரர் செய்யக்கூடிய சிறு காரியம்.

ஆலயங்கள் செய்யக்கூடியதும் உண்டு. மகோற்சவத்துக்கு முன் தேர் வீதியில் கொப்புகளைத் தறிப்பது வழக்கம். தை, மாசி, பங்குனி மாதங்களில் அவ்வேலை வருமாயின் ஏறுபவர் முதலில் மேலே கூடு உண்டா எனப் பார்க்கவேண்டும். கூடிருந்தால் அந்த ஒரு கொப்பை ஆனி வரை விட்டுவைக்கலாம். திருக்குளத்தைத் தூர்வாரி நீர் நிற்கச் செய்வது அடியாருக்கும் நல்லது, மீனுக்கும் நல்லது, மீனை உண்ணும் பறவைக்கும் நல்லது. மாறாக, அன்னதானத்தின் எச்சிலையும் மிச்சமும் வீதியோரத்தில் குவிந்தால் வருவது காகமும் பருந்தும். குப்பை கருடனை அழைப்பதில்லை.

இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவின் சின்னப் பறவை கருடனே. ஆனால் ஜாவாத் தீவில் கருடன் பெரிதும் குறைந்துவிட்டது. நகரத்தின் சின்னத்தில் உள்ள பறவையைப் பார்க்க அந்நகரத்தார் கடலிலுள்ள சிறுதீவுகளுக்குச் செல்ல வேண்டியுள்ளது. தமிழ்நாட்டில் திருக்கழுக்குன்றத்தின் கதையும் அறியத்தக்கது. பட்சிதீர்த்தம் எனப் பெயர்பெற்ற அம்மலையில் நண்பகல் பூசையின் பின் அர்ச்சகர் வைக்கும் அமுதை உண்ண இரண்டு பறவைகள் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தன. அவை மஞ்சள் முகப் பாறு என்னும் வெண்ணிறக் கழுகினம். 1990களின் பின் அவை வரவில்லை. பாறையும் படியும் அப்படியே இருக்கின்றன.

எமது வானில் கருடனுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. பங்குனி, சித்திரை மாதங்களில் குளக்கரை ஆலமரத்தருகே சற்று நின்று பார்ப்பவர் ஒரு வேடிக்கையைக் காணக்கூடும். கூட்டைவிட்டு வந்த இளங்கருடன் ஓர் இலையைக் காலால் பறித்துக்கொண்டு மேலே எழும். அங்கிருந்து இலையை நழுவவிடும். அது காற்றில் சுழன்று விழும்போது பின்னாலேயே பாய்ந்து, நீரைத் தொடுமுன் மீண்டும் பிடிக்கும். பிடிபடாவிட்டால் இன்னோர் இலை. மீன் பிடிக்கப் பழகும் பாடசாலை அது. அந்தப் பறவை கபில நிறமாகவே இருக்கும். அதன் வால் மட்டும் வட்டமாக இருக்கும்.